ஏழாம் நாள் பக்கத்தில் இல்லாத வட்டம்

என் மனைவி எக்மோ எந்திரத்தில் இருந்த பத்து நாட்களுக்கும் என்னிடம் குறிப்பு இருக்கிறது. நீல அட்டை போட்ட நீளமான நோட்டு. அதில் ஏழாம் நாள் பக்கம் பொய். எழுதிய கை என்னுடையதுதான். ஆனால் எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி, அந்த எந்திரத்தில் படுத்திருந்த என் மனைவி. மற்றவன், அந்த எந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த என் தம்பி. நான்கு வருஷம், வருஷத்துக்கு ஒரு முறை, வீடு நிறைந்த கூட்டத்தில் அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தேன். இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்து கேட்டார்கள். வாசித்து முடித்ததும் எல்லாரோடும் சேர்ந்து "ஸ்தோத்திரம்" என்றார்கள்.

நான் துறைமுகத்தில் கப்பல் போக்குவரத்துப் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவன். கப்பல் வெளியே நங்கூரம் போட்ட நேரம், கப்பலை உள்ளே கொண்டுவரும் பைலட் ஏறிய நேரம், முதல் கயிறு கரையில் விழுந்த நேரம், எல்லாம் நிமிஷக் கணக்கில் எழுத வேண்டும். ஜன்னல் வழியாக நாங்களே பார்த்தது வேறு, வயர்லெஸ்ஸில் கப்பல்காரர்கள் சொன்னது வேறு. சொன்னதை எழுதினால் யார் சொன்னது என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். இந்தப் பழக்கத்தை என் சொந்த நோட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். நான் கண்ணால் பார்க்காத செய்திக்கு ஓரத்தில் பென்சிலால் சின்ன வட்டம் போட்டு, சொன்னவர் யார் என்று எழுதுவேன். செய்தித்தாளில் வந்ததற்கு வட்டம். போதகர் பிரசங்கத்தில் சொன்ன கதைக்கும் வட்டம். வரலாற்றுப் புத்தகம் படித்தாலும் கை சும்மா இருக்காது. நான் படித்து முடித்த புத்தகம் அம்மை போட்டதுபோல் இருக்கும் என்று என் மனைவி சொல்வாள்.

இரண்டு பேர் சொல்லுக்கு மட்டும் நான் வட்டம் போட்டதில்லை. மனைவி சொன்னாலும் தம்பி சொன்னாலும் நானே பார்த்த மாதிரி எழுதிவிடுவேன். இதை ஒரு விதியாக வைத்துக்கொள்ளவில்லை. அப்படித்தான் நடந்து வந்தது.

இந்த எழுத்துப் பித்தால் எனக்கு ஊரில் ஒரு பெயரும் உண்டு. நாங்கள் நாசரேத்துக்காரர்கள், இப்போது குடியிருப்பது மில்லர்புரத்தில். உறவு வழியில் நாங்கள் போய்வரும் ஒரு கிராமத்துக் கோவிலில் மணிக்கூண்டுக் கல்லில் வருஷம் தவறாக வெட்டியிருந்தார்கள். அதைத் திருத்தச் சொல்லி ஒன்பது கடிதம் எழுதினேன். கல் திருந்தவில்லை. அந்த ஊர்க்காரர்கள் எனக்குக் கல்யாணப் பத்திரிகை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள்.

இனி எந்திரத்துக்கு வருகிறேன்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். மூன்று நாள் காய்ச்சல், நான்காம் நாள் மாடிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். காய்ச்சலைக் கொண்டுவந்த கிருமி இதயத் தசையைத் தாக்கியிருக்கிறது, இதயம் துடிப்பதுபோல் நடுங்குகிறதே தவிர இரத்தத்தைத் தள்ளவில்லை என்றார்கள். மதுரைக்குக் கொண்டு போகலாம் என்று பலரும் சொன்னார்கள். என் தம்பி இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் பெர்ஃப்யூஷனிஸ்ட். அறுவை சிகிச்சையின்போது இதயத்துக்குப் பதிலாக ஓடும் எந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவன். எக்மோ எந்திரம் அங்கே வந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை.

"மைனிய நான் பாத்துக்கிடுதேன் அண்ணன். மதுரைக்கு வண்டியில வச்சுக் கொண்டுபோறதுதான் ஆபத்து" என்றான்.

அவன் சொன்னால் போதும். மதுரையைப் பற்றி அதற்குப் பிறகு நான் பேசவில்லை. நோட்டில் வட்டம் இல்லாமல் எழுதினேன்: மதுரைக்குக் கொண்டு போவதுதான் ஆபத்து.

தொடையில் இரண்டு குழாய்கள். ஒன்று உடம்பிலிருந்து கறுத்த இரத்தத்தை எடுத்துப் போகும். எந்திரம் அதில் பிராணவாயு ஏற்றி, சிவந்த இரத்தமாக மற்றக் குழாய் வழியே திருப்பித் தள்ளும். நடுவில் உள்ளங்கை அளவு பம்பு. அதன் சுழற்சிதான் அவள் உயிர். ஐந்தாம் நாள், மூச்சுக்காகத் தொண்டையில் போட்டிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். முகத்தில் மாஸ்க்குடன் விழித்திருந்தாள். மெல்லப் பேசவும் செய்தாள். முதலில் கேட்டது, மாடியில் காயப்போட்ட மிளகாயை யாராவது எடுத்தார்களா என்று. அதற்கு நேரம் குறித்திருக்கிறேன். பிற்பகல் மூன்று பன்னிரண்டு.

ஏழாம் நாள் செவ்வாய்க்கிழமை. இதய மருத்துவர் ஒரு பெண், தாமிரபரணிக் கரைக் கிராமத்தில் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர், பொறுமையாகப் பேசுகிறவர். காலையில் என்னை உட்கார வைத்து விளக்கினார். இதயம் கொஞ்சம் கொஞ்சமாக விழிக்கிறது, எந்திரத்தைக் குறைத்துப் பார்க்கலாம். ஆனால் இத்தனை நாள் இரத்தம் தேங்கி நின்ற இதயத்தின் நுனியில் கட்டி உறைந்திருக்கலாம். அது தெரியாமல் எந்திரத்தைக் குறைத்தால், இதயம் பலமாகத் துடிக்கத் தொடங்கும்போது கட்டி தெறித்து மூளைக்குப் போய்விடும். சாதாரண எக்கோவில் படம் தெளிவாக இல்லை. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் நன்றாகத் தெரியும், ஆனால் தொடையில் குழாய்களோடு இவரால் திரும்ப முடியாது. அதனால் இரத்தத்தில் ஒரு மருந்து செலுத்தி எக்கோ எடுக்கப் போகிறோம். மருந்து என்றால் மிக நுண்ணிய வாயுக் குமிழிகள். அவை போகிற இடமெல்லாம் திரையில் வெள்ளையாகத் தெரியும். கட்டி இருந்தால் அந்த வெள்ளையில் கறுப்பாக நிற்கும்.

சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். காத்திருக்கும் வராந்தாவில் திரேஸ்புரத்துக்காரர் ஒருவர் இருந்தார். சங்கு குளிக்கிறவர், அவர் அம்மா அதே வார்டில் இருந்தார். ஏழு நாளில் நாங்கள் தோசையைப் பங்கு போட்டுக்கொள்ளும் அளவுக்குப் பழகியிருந்தோம். அவரிடம் சொன்னேன்.

"குமிழியா? ரத்தத்துக்குள்ளயா?" அவர் எழுந்தே விட்டார். "அண்ணாச்சி, எங்க கூட்டாளி ஒருத்தன் அடியில இருந்து கிடுகிடுன்னு மேல வந்தான். ரத்தத்துல காத்து கொப்புளம் போட்டுட்டு. இடுப்புக்குக் கீழ இன்னிக்கும் அசைவு இல்ல. நாங்க எதுக்குப் பயந்து மெல்ல மெல்ல ஏறுதமோ, அத இவங்க ஊசியில போட்டு ஏத்துதாங்களா?"

வட்டம் போட்டு இதை எழுதினேன்.  எழுந்து போய் ஐ.சி.யூ. கதவைத் தட்டினேன். சோதனைக்கு முன் ஒரு ஜெபம் செய்ய அனுமதி கேட்டேன். மருத்துவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வரச் சொன்னார்.

உள்ளே எல்லாம் தயாராக இருந்தது. மருத்துவர் கையில் ஊசிக்குழாய். தம்பி எந்திரத்தின் திரைக்கு முன்னால்.

"அண்ணன், அது வேற குமிழி, இது வேற குமிழி" என்றான் தம்பி, நான் கேட்காமலே. வராந்தாப் பேச்சு அதற்குள் உள்ளே வந்திருந்தது. "இது ரத்த அணுவ விடச் சின்னது. கொஞ்ச நேரத்துல கரைஞ்சு மூச்சுல போயிரும்."

"ரெண்டே நிமிஷம்லே."

"இவங்க ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியாதா" என்றாள் என் மனைவி மாஸ்க்குக்குள்ளிருந்து. "ஆதியாகமத்துல தொடங்குவாங்க."

மருத்துவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பிறகு, "ஜெபிப்போம்" என்றேன்.

எங்கள் குடும்பங்களில் அந்தச் சொல் விழுந்துவிட்டால் கையில் இருக்கும் வேலை அப்படியே நிற்கும். அடுப்பில் எண்ணெய் காய்ந்தால் அடுப்பை அணைத்துவிட்டு நிற்பார்கள். மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பவர் அந்தப் படியிலேயே கண்ணை மூடிக்கொள்வார். பரீட்சைக்குப் போனாலும் ஜெபம், புது மோட்டாருக்கு ஸ்விட்ச் போட்டாலும் ஜெபம். இது யாரும் யோசித்துச் செய்வதில்லை. நான் கண்ணை மூடுமுன் கடைசியாகப் பார்த்தது இது: தம்பி திரையிலிருந்து கையை எடுத்தான், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டான். அவன் பக்தியை நினைத்து நெகிழ்ந்து அதையும் அன்று எழுதி வைத்தேன்.

பதினொன்று ஐந்துக்குத் தொடங்கிய ஜெபம் பதினொன்று பதினாறுக்கு முடிந்தது. ஏழு நாளையும் ஒவ்வொரு நாளாகக் கர்த்தருக்கு ஞாபகப்படுத்தினேன். ஆமென் சொன்னதும் மருத்துவர் ஊசிக்குழாயை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"ஐயா, நீங்க வெளியே இருங்க. இத ஊசியில ஏத்தி வச்சுக்கிட்டு நிக்க முடியாது, குமிழி மேல ஒதுங்கிரும்" என்றார், குரல் சற்று அவசரமாக.

அவள் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பதினொன்று இருபதுக்கு வெளியே வந்தேன். பதினொன்று இருபத்தாறுக்கு இரண்டு நர்ஸ்கள் உள்ளே ஓடினார்கள். "பக்கத்துப் படுக்கைக்கு" என்று எழுதியிருக்கிறேன். யாரும் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டு பத்துக்குத் தம்பி வந்தான்.

"நல்லபடியா முடிஞ்சுது அண்ணன். கட்டி ஒண்ணும் இல்ல" என்றான்.

அவன் கண் சிவந்திருந்தது. "தூக்கமின்மை" என்று எழுதினேன். அதற்குக் கீழே, வட்டம் இல்லாமல்: சோதனை நல்லபடியாக முடிந்தது. கட்டி ஒன்றும் இல்லை. ஸ்தோத்திரம்.

பத்தாம் நாள் எந்திரத்தை எடுத்தார்கள். அவள் நடந்து வீட்டுக்கு வந்தாள். அடுத்த வருஷம் அதே வாரத்தில் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தோம். பாட்டு, ஜெபம், பிறகு நான் நோட்டைத் திறந்து பத்து நாளையும் வாசிப்பேன். சிலர் மரியாதைக்கு வந்தார்கள், சிலர் சாப்பாட்டுக்கு வந்தார்கள், ஆனால் வாசிப்பை எல்லாரும் விரும்பினார்கள். உடன்குடியிலிருந்து என் பெரியம்மா வருஷா வருஷம் கருப்பட்டிச் சிப்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்காருவாள். அவளுக்குப் பாதி மனப்பாடம். மிளகாய் இடத்தில் எனக்கு முன்பே சிரிப்பாள். ஏழாம் நாள்தான் உச்சம். குமிழிகளைப் பற்றிய பயம், ஜெபம், கட்டி ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் வீடு முழுக்க "ஸ்தோத்திரம்" என்று எழும்.

இது ஐந்தாம் வருஷம். இந்த முறை நோட்டைத் தட்டச்சு செய்து, கட்டி, உறவுகளுக்கு ஆளுக்கொரு பிரதி கொடுக்க நினைத்தேன். மருத்துவச் சொற்களுக்கு அடிக்குறிப்பு எழுதுவதற்காக, இணையத்தில் மருத்துவர்கள் எழுதிய கட்டுரைகளை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். அதில் ஒன்றில் இப்படி இருந்தது. சில எக்மோ எந்திரங்களில், குழாய்க்குள் காற்று வந்தால் கண்டுபிடிக்க ஓர் உணர்வி உண்டு. காற்று தெரிந்ததும், அது மூளைக்குப் போகாமல் இருக்கப் பம்பைத் தானாக நிறுத்திவிடும். எக்கோவுக்குச் செலுத்தும் குமிழிக்கும் உண்மையான காற்றுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே மருந்து செலுத்துமுன் அந்தத் தானியங்கி நிறுத்தத்தை அணைத்து வைக்க வேண்டும், முடிந்தபின் மறக்காமல் மறுபடி போட வேண்டும்.

எனக்குச் சந்தோஷம்தான். ஒரு நல்ல அடிக்குறிப்பு கிடைத்தது. தம்பி திரைக்கு முன்னால் நின்றது அதற்காகத்தான் என்று புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தம்பி எங்கள் வீட்டில் சாப்பிட்டான். அவன் குடும்பம் அன்று சாத்தான்குளம் போயிருந்தது. நாங்கள் மூன்று பேர்தான்.

"ஏலே, அன்னிக்கு அந்தக் குமிழி நிறுத்தத்த அணைச்சுட்டுத்தான மருந்து போட்டீங்க?" என்று கேட்டேன். "அடிக்குறிப்புல போடணும். எத்தன மணிக்கு அணைச்ச?"

அவன் கை சோற்றிலேயே நின்றது. என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியைப் பார்த்தான்.

"குழம்பு ஊத்தட்டா தம்பி?" என்றாள் அவள்.

"நான் கேட்டதுக்குப் பதில் வரல."

"அவன் சாப்பிடட்டும்."

"மைனி, விடுங்க" என்றான் தம்பி. பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "அணைக்கல அண்ணன்" என்றான்.

அவன் சொன்னதை அவன் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். "நீங்க ஜெபிப்போம்னு சொன்னப்போ திரையில அத அணைக்கிற எடத்துலதான் இருந்தேன். ரெண்டு தடவ அமுக்கணும். ஒண்ணு அமுக்கிட்டேன். நீங்க சொன்னதும் கைய எடுத்துட்டேன். ஆமென் சொன்னதும் அந்த வேல முடிஞ்சிட்டுன்னு மனசுல விழுந்துட்டு. டாக்டரம்மா அவசரப்பட்டாங்க, நான் சரின்னு தலைய ஆட்டிட்டேன். மருந்து போச்சு. அலாரம் அடிச்சுது. பம்பு நின்னுட்டு. குழாய்க்குக் கிளாம்ப் போட்டு, அலாரத்த அழிச்சு, மறுபடி ஓட்டுனேன். நாப்பது செகண்டு இருக்கும். பெறகு ஒழுங்கா அணைச்சுட்டு ரெண்டாவது தடவ மருந்து போட்டுப் படம் எடுத்தோம். கட்டி இல்லன்னு சொன்னது நெசம்."

என் மனைவி பக்கம் திரும்பினேன். "ஒனக்குத் தெரியுமா?"

"நான்தான படுத்திருந்தேன்" என்றாள். "வலிக்கல்லாம் இல்ல. யாரோ லைட்டக் கொறச்ச மாதிரி இருந்துச்சு. தம்பி ‘மைனி, மைனி’ன்னு கத்துனது தூரத்துல கேட்டுச்சு. பெறகு லைட்டு வந்துட்டு."

குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் இதைச் சொன்னாள். தடுமாற்றமே இல்லை. பல தடவை சொல்லிப் பழகிய பேச்சுப்போல் இருந்தது. என்னிடம் சொல்லிப் பழகவில்லை. அப்படியானால் இவர்கள் இருவரும் உட்கார்ந்து இதைப் பேசியிருக்கிறார்கள். எப்போது? நான் நூலகம் போயிருந்தபோதா? மாடியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோதா?

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா எழுதிருவீங்க."

"எழுதுனா என்ன?"

"எழுதுவீங்க. கூட்டத்துல வாசிப்பீங்க. பெறகு ஆஸ்பத்திரிக்கு லெட்டர் போடுவீங்க. செவத்துல கெடக்க கல்லுக்கே ஒம்பது லெட்டர் போட்டவங்க, கட்டுன பொண்டாட்டிக்கு எத்தன போடுவீங்க?"

தம்பி சிரித்துவிட்டான். சிரித்தபின் வாயைப் பொத்திக்கொண்டான்.

"சிரிலே, நல்லாச் சிரி" என்றேன். "நாலு வருஷமா நான் வாசிக்கும்போது உள்ளுக்குள்ள சிரிச்சதுதான."

"அண்ணன், அப்படிச் சொல்லாதீங்க.  ஒவ்வொரு வருஷமும் கூட்டத்துக்கு வராம இருந்திரலாமான்னு பாப்பேன். மைனிதான் வரச் சொல்லும்."

இன்னும் ஒன்று தெரிந்துகொண்டேன். அவன் மருத்துவமனையில் எதையும் மறைக்கவில்லை. அன்றைக்கே தன் தவறு என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். அவர்கள் அதற்குப் பின் எந்திரத்தில் ஒரு தாள் தொங்கவிட்டு, ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்த்துச் சொன்னால்தான் மருந்து என்று ஆக்கியிருக்கிறார்கள். எந்திரத்தில் கை இருக்கும்போது உறவினர் உள்ளே வரக்கூடாது என்றும். எந்திரத்தை எடுத்த மறுநாள் மருத்துவர் என் மனைவியிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, தெரிவித்ததற்குக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். குடும்பத்திலிருந்து ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

"குடும்பத்துலன்னு யாரு போட்டா?" என்று கேட்டேன்.

"நான்தான் அண்ணன்."

ஆக அந்த நாற்பது வினாடி எல்லாப் பதிவிலும் இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கோப்பில், எந்திரத்தின் நினைவில், தொங்கும் தாளில். அந்தக் கட்டிடத்தில் பத்து நாளும் நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதிக்கொண்டிருந்த ஒருத்தனின் நோட்டில் மட்டும் இல்லை.

அவன் போனபின் மனைவியிடம் கேட்டேன். என் ஜெபத்தால் வந்தது என்று நான் உடைந்துபோவேன், அதனால்தான் மறைத்தீர்களா? அப்படி அவள் சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு சமாதானம் ஆகியிருப்பேன். அவள் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்.

"அதுவும் உண்டு. அதுக்காக மட்டும்னு சொன்னாப் பொய்யாயிரும். நீங்க தம்பியையும் நோட்டையும் தராசுல வச்சா எது தாழும்னு எனக்குத் தெரியல. தெரியாம எப்படிச் சொல்லுவேன்?"

"இப்ப தெரியுதா?"

"இப்பமும் தெரியல."

அன்று முதல் பேச்சுக் குறைந்தது. நான் ஏழாம் நாள் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எல்லாமே அங்கே இருந்தது. கையை எடுத்துக் கூப்பிய தம்பி. அவசரப்பட்ட மருத்துவர். ஓடிய இரண்டு நர்ஸ்கள். சிவந்த கண். ஒவ்வொன்றையும் சரியான நேரத்தோடு எழுதி, ஒவ்வொன்றுக்கும் தவறான காரணம் போட்டிருக்கிறேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் ஓரத்தில் வட்டம் விழுந்திருக்கும். வட்டம் விழுந்திருந்தால் பிறகு ஒருநாள் கேட்டிருப்பேன்.

நாற்பது வினாடியை நான் மன்னித்திருப்பேனா என்று நேர்மையாக யோசித்தேன். கடிதம் எழுதியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. முதல் கடிதத்தின் வாசகம்கூட மனதில் வந்தது. அவள் என்னைச் சரியாகத்தான் கணித்திருக்கிறாள். அதனால் வலி குறையவில்லை. முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்து, என்னை இவ்வளவு துல்லியமாக அறிந்து, அறிந்ததைக் கொண்டு என்னை வெளியே நிறுத்தியிருக்கிறாள்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது. அந்தப் பக்கத்தை நான் கோடு போட்டு அடிக்கவில்லை, எழுதியதை அடிப்பது என் வழக்கமில்லை. எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. நடந்ததை இருவரும் அவரவர் கையால் அங்கே எழுதுங்கள் என்றேன். தம்பி வந்து, நின்றுகொண்டே ஆறு வரி எழுதி, கையெழுத்துப் போட்டான். பேனாவை மனைவியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நான் எழுத மாட்டேன்."

"உண்மைய எழுத என்ன?"

"நின்னது என் பம்பு. உங்க நோட்டு இல்ல" என்றாள். "அது எனக்கு நடந்தது. யாருக்குச் சொல்லணும், யாருக்கு வேண்டாம்னு நான்தான் முடிவு பண்ணுவேன். கூட்டத்துல தம்பி எழுதுனத வாசிச்சீங்கன்னா, அடுத்த வருஷம் நீங்களும் பெரியம்மாவும் மட்டும் ஸ்தோத்திரம் சொல்லிக்கிடுங்க."

கூட்டம் சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு. வழக்கம்போல் வீடு நிறைந்தது. பெரியம்மா முன்வரிசையில். தம்பி கதவோரம், அவன் மனைவியும் பிள்ளைகளும் பக்கத்தில். என் மனைவி எனக்கு நேர் எதிரே. பாட்டு முடிந்து நோட்டைத் திறந்தேன். தட்டச்சுப் பிரதி தயாராகவில்லை என்று முன்பே சொல்லிவிட்டேன்.

ஆறு நாட்கள் வாசித்தேன். மிளகாய்க்குச் சிரித்தார்கள். ஏழாம் நாள் தொடங்கினேன். இடது பக்கம் என் எழுத்து, வலது பக்கம் தம்பியின் ஆறு வரி. ஜெபம் வரை வந்தேன். "பதினொன்று இருபதுக்கு என்னை வெளியே அனுப்பினார்கள்" என்று வாசித்தேன். அதற்குப் பின் வாயில் எந்தப் பக்கமும் வரவில்லை. இடது பக்கத்தை வாசித்தால் தெரிந்தே பொய் சொல்கிறேன். வலது பக்கத்தை வாசித்தால், அங்கே கதவோரம் ஒருத்தன் தன் பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பக்கத்தைத் திருப்பினேன். "எட்டாம் நாள், புதன்கிழமை" என்றேன்.

"ஏலே, நில்லுலே" என்றாள் பெரியம்மா. "ஒரு வரிய முழுங்கிட்டியே. நல்லபடியா முடிஞ்சுதுன்னு வருமே? கட்டி ஒண்ணும் இல்லன்னு வருமே? கண்ணாடிய மாத்து முதல்ல."

வீடு சிரித்தது. 

"நல்லபடியாத்தான் முடிஞ்சுது அத்த" என்றாள் என் மனைவி, என்னைப் பார்த்துக்கொண்டே. "கட்டி ஒண்ணும் இல்ல."

"ஸ்தோத்திரம்" என்றாள் பெரியம்மா. வீடு முழுக்க எழுந்தது. தம்பியும் சொன்னான், அவன் உதடு அசைந்ததைப் பார்த்தேன். நான் சொல்லவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. ஏழாம் நாள் பொய் என்று தெரிந்தவர்கள் இப்போது மூன்று பேர். மூன்றாம் ஆள் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எட்டாம் நாளை வாசித்தான்.

ஞாயிறு காலை எழுந்து கூட்டத்தைப் பற்றி எழுதினேன். வந்தவர்கள், பாடிய பாட்டு, சாப்பாடு. பிறகு: சோதனை நல்லபடியாக முடிந்தது, கட்டி ஒன்றும் இல்லை. ஓரத்தில் பென்சிலால் வட்டம் போட்டேன். அருகில் எழுதினேன்: மனைவி சொன்னது.

ஆறு நாற்பதுக்கு அவள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். மாடிக்குப் போய்வந்திருக்கிறாள், உப்பளம் பக்கம் மழை இருட்டுகிறது, இன்றைக்கு மிளகாய் காயப்போட முடியாது என்றாள். எழுந்து ஜன்னலைத் திறந்தால் நானே பார்த்துவிடலாம். எழவில்லை. உப்பளம் பக்கம் மழை இருட்டு என்று எழுதினேன். அவள் டம்ளரை எடுக்கக் காத்து நின்றுகொண்டிருந்தாள். நான் பென்சிலை எடுத்து அதன் ஓரத்திலும் வட்டம் போட்டதைப் பார்த்தாள். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.